வெள்ளைக் கோடும் வெற்று அச்சமும்

வானிலே வால்மீன் தோன்றினால் கோமகன் மாள்வான் என்றனர் அன்று. வானூர்தி சென்ற வழியிலே வெள்ளைக் கோடு நீண்டால் குடிமக்கள் மாள்வர் என்கின்றனர் இன்று! அன்று சொன்னவர்க்குத் தொலைநோக்கி இல்லை. இன்று சொல்வோருக்கோ உலகத்து நூலகங்கள் அத்தனையும் உள்ளங்கையிலே! இருந்தும் என்ன பயன்?

அமெரிக்க நாட்டிலே 1990-களின் பிற்பகுதியில் கிளம்பிய கதை இது. அரசு மறைவாக நஞ்சு தூவுகிறதாம். அதன் தடந்தானாம் வானத்து வெண்கோடு! கதை கதையாகவே நின்றிருந்தால் நகைத்துவிட்டுப் போகலாம். நிற்கவில்லை, தோழர்களே, சட்டமன்றப் படியேறிற்று. 2024-இல் டென்னசியிலும் 2025-இல் புளோரிடாவிலும், வானிலையை மாற்ற வேதிப்பொருள் தூவுவதைத் தடுக்கும் சட்டங்கள் பிறந்தன. அவற்றுக்காக எழுந்த குரல்களிலே இந்தக் கதையும் உரக்க ஒலித்தது.

அவர்கள் காட்டும் சான்றுதான் யாது? ஒரு விமானம் கோடு இழுக்கிறது, மற்றொன்று இழுப்பதில்லை, ஒரு கோடு நொடியிலே மறைகிறது, மற்றொன்று மணிக்கணக்கில் நிற்கிறது, ஏன் என்கின்றனர். நல்ல கேள்வி! விடை தேடாமல் விட்டதுதான் கேடு.

ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் ஏறத்தாழ 1.25 கிலோ நீராவி பிறக்கிறது. பத்துக் கிலோமீட்டர் உயரத்திலே, உறைநிலைக்குக் கீழே 40 பாகையையும் தாண்டிய கடுங்குளிர். அங்கே அந்த நீராவி, புகைக்கரித் துகள்களைப் பற்றித் துளியாகிப் பனியாக உறைகிறது. அதுவே வெண்கோடு! காற்று வறண்டிருந்தால் பனி ஆவியாகும். கோடு குறுகி மறையும். ஈரம் மிகுந்திருந்தால் கோடு நிலைக்கும், பரவும், மெல்லிய கீற்று மேகமாக விரியும். ஈரக்காற்றும் வறண்ட காற்றும் அடுக்கடுக்காக இருப்பதால், சில நூறு மீட்டர் உயர வேறுபாடே ஒரு விமானத்துக்குக் கோட்டைத் தரும், மற்றொன்றுக்கு மறுக்கும். கோடு தோன்றும் நிலையை ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஷ்மிட் 1941-இலும், அமெரிக்க வானிலை ஆய்வாளர் ஏப்பிள்மன் 1953-இலும் கணக்கிட்டுக் காட்டிவிட்டனர். 2016-இல் 77 வல்லுநர்களைக் கேட்டனர். 76 பேர், மறைமுகத் தூவலுக்குச் சான்று ஏதும் காணவில்லை என்றனர்.

வெண்கோட்டால் தீங்கே இல்லையா? உண்டு! நெடுநேரம் நிற்கும் கோடுகள், பூமியிலிருந்து மேலெழும் வெப்பத்தை மறித்து, மொத்தத்தில் புவியைச் சூடாக்குகின்றன. அதற்கு வழியும் உண்டு. 2023-இல் கூகுளும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் 70 பயணங்களிலே, ஈர அடுக்கைத் தவிர்த்துப் பறக்கச் செய்து பார்த்தன. கோடுகள் 54 விழுக்காடு குறைந்தன. இல்லாத நஞ்சைத் தடுக்கச் சட்டம் செய்வோர், இருக்கின்ற வெப்பத்தைக் குறைக்க என்ன செய்தனர்? பொய்யச்சம் மெய்த்தீங்கை மறைக்கிறது. மூடநம்பிக்கையின் முழுக்கேடு அதுவே!

இளைஞர்களே, அண்ணாந்து பாருங்கள். கோடு எவ்வளவு நீண்டது, எவ்வளவு நேரம் நின்றது என்று குறித்து வையுங்கள். அன்றைய மேல்வானம் ஈரமா வறட்சியா என்பதை வானிலைப் பதிவோடு ஒப்பிடுங்கள். நாற்பது நாள் குறிப்பு, நானூறு புரளிகளை வீழ்த்தும்!