ஔவையின் கள்ளும் நம்மவர் நாணமும்

தமிழ்ப் புலவருள் மிகுதியாகப் போற்றப்படுபவரும் மிகக் குறைவாகப் படிக்கப்படுபவரும் ஒருவரே எனின், அவர் சங்ககால ஔவையார் ஆவர். தொகைநூல்களில் அவர் பெயரால் 59 பாடல்கள் உள்ளன. அவற்றுள் 33 புறநானூற்றில் அமைந்தவை. ஆயின் பள்ளியிலே நாம் கண்ட ஔவை யார்? அதியமான் ஈந்த நெல்லிக்கனியை உண்டு, கோலூன்றி நின்று, சிறுவர்க்கு அறமுரைக்கும் பாட்டி. பல நூற்றாண்டுகள் பிந்திச் சோழர் காலத்தில் வாழ்ந்தவராகக் கருதப்படும் ஆத்திசூடி ஔவையின் கோலை முன்னவர் கையிலே கொடுத்து, இருவரையும் ஒருவராக்கிவிட்டோம். அதற்கு முன் அக்கையிலிருந்த கள் நிறைந்த கலத்தைப் பறித்துக்கொண்டோம். அக்கலத்தை அவரிடம் மீளக் கொடுத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நெல்லிக்கனிப் பாட்டையே முதலில் நோக்குவோம். புறநானூற்றின் 91ஆம் பாடலாகிய அதிலேயே, அதியர் தலைவனை விளிக்குமிடத்து, ஔவையார் நறவைக் குறிப்பிடுகின்றார். நறவு என்பதற்குத் தேன் என்றும் பொருளுண்டே எனச் சிலர் விரைந்து விடையிறுப்பர். உண்டுதான். ஆயின் ஆரவாரத்தைச் சுட்டும் ‘ஆர்கலி’ என்னும் அடை அங்கு நறவின்மேல் நிற்கின்றது. தேனுண்டு ஆரவாரித்த வீரர் கூட்டத்தை யாம் எங்கும் கேட்டதில்லை. கனியை வாயில் வைத்துக்கொண்டு நறவைக் கண்ணில் படாது மறைப்பது எவ்வகைப் புலமை?

ஔவையாரின் புலனுகர்ச்சி மங்கலானதன்று, கூர்மையானது. அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடும் 392ஆம் பாடலில், நெடுநாள் வைத்து முதிர்ந்த தேறலின் உறைப்பைத் தேள் கொட்டிய கடுப்புக்கு ஒப்பிடுகின்றார். அதனை ஏந்திய பொற்கலத்தை வானத்துக் கோளுக்கு ஒப்பிடுகின்றார். நாவில் ஒரு கொட்டு, கண்ணில் ஓர் ஒளி. இரண்டையும் அடுத்தடுத்து வைத்த திறம் பெரிது. நக்கீரரோ 56ஆம் பாடலில், யவனர் கொணர்ந்த தண்ணிய நறுமணத் தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் உண்பதைப் பாடினார். 1945இல் அரிக்கமேட்டு அகழ்வில் மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் வெளிவந்தபோது, புலவர் வாக்குக்கு மண்ணே சான்று பகர்ந்தது.

எனினும் சுவையின் பொருட்டு மாத்திரம் நாம் வாதிடவில்லை. அதியமான் இறந்தபின் பாடிய 235ஆம் பாடலுக்கு வருவோம். கள் சிறிதளவே கிடைப்பின் அதனைப் புலவர்க்கே கொடுத்துவிடுவான்; பெருகக் கிடைப்பின் அவர் உண்டு பாட, எஞ்சியதைத் தான் மகிழ்ந்து உண்பான். இங்கே கள் என்பது ஈகையின் அளவுகோல். குறைந்தபோது யாருக்கு, நிறைந்தபோது யாருக்குப் பின் யார் என்ற ஒழுங்கிலேயே அம்மன்னனின் அறம் முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது. நரந்தம் மணக்கும் கையால் புலால் நாறும் தலையைத் தடவிய அன்பும் அப்பாட்டிலேதான் உண்டு. பழைய உரைகாரர் கள்ளை மது என்றே உரைத்துச் சென்றார். அவருக்கு நாணம் தோன்றவில்லை. 232ஆம் பாடலில், நாட்டையே கொடுப்பினும் கொள்ளாதவன், இன்று நடுகல்லாய் நின்று சிறுகலத்துக் கள்ளைக் கொள்வானோ என ஏங்குகின்றார். அச்சிறுகலத்தில் பாலையோ பாகையோ ஊற்றிப் பாருங்கள். அந்த ஏக்கம் நீர்த்துப்போகும். கள்ளை நீக்குவோர் அறத்தைக் காக்கவில்லை. அறத்தையும் சேர்த்தே கொட்டிவிடுகின்றனர்.

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தாரே என்பர். வகுத்தார், அதன் நீதியை யாம் மறுக்கவில்லை. ஆயின் அவரே காமத்துப்பாலில், கள் உண்டார்க்கன்றி இன்பந் தராது, காதலோ கண்டாலே இன்பந் தரும் என ஒப்பிடுகின்றார். விலக்கியவரும் விலக்கியதன் இயல்பை அறிந்தே விலக்கினார். மற்றொருபுறம், சங்கப் பாடலைத் தம் குடிக்குச் சான்றிதழாகக் காட்டும் கூட்டமும் உண்டு. கசிப்பால் குடும்பங்கள் சீரழியும் நாட்டில் இது கொடுமை. தனக்குக் குறைந்தபோது பிறர்க்கு ஈந்தவனின் கள்ளுக்கும், பிள்ளையின் சோற்றைக் குடித்துவிடுபவனின் கசிப்புக்கும் பெயரளவிலும் உறவில்லை.

இதனை எழுதுபவன் குறிஞ்சாக்கேணியிற் பிறந்தவன். திருகோணமலை மாவட்டத்தில் கிண்ணியாவைச் சார்ந்த எம்மூரில் மது மார்க்கத்தால் விலக்கப்பட்டது. கள்ளின் சுவையை நான் அறியேன், அறிய விழையவுமில்லை. ஆயினும் அந்தத் தேளின் கடுப்பை ஔவையின் சொல்லால் அறிந்தேன். நுகராதவனுக்கும் நுகர்ச்சியை உணர்த்துவதன்றோ கவிதையின் வெற்றி? பாரசீகத்து உமர் கய்யாமை மதுக்கிண்ணம் நீக்கி எவரும் படிப்பதில்லை. அவர் பாடல்களைத் தமிழாக்கிய கவிமணி தேசிகவிநாயகம்பிள்ளை, பெயர் சுட்டப்படாத கவிதைநூலைக் கம்பன் கவியாக மாற்றினார். மதுவை மாத்திரம் மோராக மாற்றவில்லை.

பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலில் சங்கப் பாடல்களை வீரயுகக் கவிதையாக, உலக வீரகாவியங்களோடு ஒப்பவைத்து ஆராய்ந்தார். அந்த ஆய்வு நெறிக்கு உரியவர்கள் நாம். பல்கலைக்கழக வகுப்பிலும் கள்ளென்ற சொல் வருமிடத்துக் குரலைத் தாழ்த்துவோமாயின், நாம் கற்பது இலக்கியமாகாது. விரிவுரையாளர்களே, மாணவ நண்பர்களே, ஔவையைப் பாட்டியாக வணங்கியது போதும், புலவராகப் படிப்போம். அவர் கலத்தில் அவர் ஊற்றியது அப்படியே இருக்கட்டும்.