அலங்காரமும் கிரமமும்

இவ்விதழின் முகவரிக்கு இளம் நிரலாளர்கள் எழுதி அனுப்பும் ஐயங்களுள் பெரும்பகுதி இரண்டு விஷயங்களைப் பற்றியதாகவே அமைந்து வருகிறது. திரையிலே தோன்றும் பொத்தானும் அட்டவணையும் தாம் எண்ணிய நிறத்திலும் அளவிலும் நிற்க மறுக்கின்றன என்பது ஒன்று. அந்த அட்டவணையிலுள்ள பெயர்களும் தொகைகளும் தாம் எண்ணிய கிரமத்தில் அமைய மறுக்கின்றன என்பது மற்றொன்று. அனுபவம் முதிர்ந்த அன்பர்கள் சிலர் இவற்றை அற்பமான கேள்விகள் என்று கருதி, ஒரு வரி நிரலை எழுதிக் கொடுத்துக் கேட்டவரை அனுப்பிவிடுவதே போதுமென்று நினைக்கிறார்கள். அந்த அபிப்பிராயம் நமக்கு உடன்பாடன்று. பலவற்றுள் எது முன் நிற்க வேண்டும், எது பின் நிற்க வேண்டும், சமமாய் வந்தவற்றுள் எதற்கு ஏற்றம் தர வேண்டும் என்ற வினா நம் தொழிலின் வேரிலேயே உள்ளது. அலங்காரத்தைப் பற்றிக் கேட்பவரும் வரிசையைப் பற்றிக் கேட்பவரும், தாம் அறியாமலேயே, அந்த ஒரே வினாவைத்தான் கேட்கிறார்கள்.

சிஎஸ்எஸ் என்னும் நடைத்தாள் மொழியை வெறும் அலங்கார சாதனமாகவே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் 1994-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஹோகோன் வியூம் லீ அதனை முன்மொழிந்தபோது, பக்கத்தை எழுதியவர் ஓர் எழுத்தளவையும் அதைப் படிப்பவர் வேறோர் எழுத்தளவையும் விரும்பினால் யாருடைய விருப்பம் செல்லுபடியாகும் என்ற கேள்வியே அவரது திட்டத்தின் நடுவே நின்றது. பின்னர் பெர்ட் போஸும் அவருடன் சேர்ந்துழைக்க, 1996 டிசம்பரில் முதல் நியமம் வெளியாயிற்று. இன்றைய நியமத்தைப் படித்துப் பார்ப்பவர்க்கு ஓர் உண்மை தெளிவாகப் புலப்படும்: ஒரு பண்பைக் குறித்து ஓர் உறுப்பின்மேல் வந்து சேரும் அறிவிப்புகள் அனைத்தையும் முன்னுரிமைப்படி வரிசைப்படுத்தி, அவற்றுள் தலையாய் நிற்கும் ஒன்றை மட்டும் ஏற்றுக்கொள்வதுதான் கேஸ்கேட் என்பது. விதி எங்கிருந்து வந்தது, அது இம்பார்ட்டன்ட் என்ற குறி பெற்றதா, எந்த லேயரில் உள்ளது, அதன் செலக்டர் எவ்வளவு குறிப்பானது என்று படிப்படியாக ஒப்பிட்டு, எல்லாம் சமமானால் கடைசியில் எழுதப்பட்டது எதுவோ அதற்கே வெற்றி என்று உலாவி முடிவுகட்டுகிறது. ஆகவே, உலாவி ஒவ்வொரு பக்கத்தையும் வரையுமுன் ஓயாது செய்துகொண்டிருப்பதும் ஒரு வரிசைப்படுத்தலே.

இதை உணராதவர் உதவி கேட்கும்போது, “பொத்தானின் நிறம் மாறவில்லை” என்று மட்டும் எழுதுகிறார். இதை உணர்த்தாதவர் உதவி செய்யும்போது, “இம்பார்ட்டன்ட் சேர்த்துவிடுங்கள்” என்று மட்டும் சொல்லுகிறார். நிறம் மாறிவிடுகிறது, கேட்டவர் நன்றி கூறி விடைபெறுகிறார். ஆனால் அந்தப் பொத்தானைப் பிறிதொரு பக்கத்தில் வேறு நிறத்தில் காட்ட வேண்டிய சந்தர்ப்பம் வரும்போது, முன்னே இட்ட குறியை வெல்ல இன்னொரு குறி வேண்டியதாகிறது. இவ்வாறே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிச் சென்று, எந்த விதி எதனால் தோற்கிறது என்று எவராலும் சொல்ல முடியாத நிலையை அந்த நடைத்தாள் அடைகிறது. ஓர் ஐடி செலக்டரைக் கிளாஸ்கள் எத்தனை கூடினாலும் வெல்ல முடியாது என்ற ஒரு விதியை அன்றே விளக்கியிருந்தால், கேட்டவர் அந்த ஐடியை நீக்கிக் கிளாஸாக மாற்றியிருப்பார். 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்திலே முக்கிய உலாவிகள் அனைத்திலும் வந்துவிட்ட லேயர் வசதியோ இன்னும் பெரிய சகாயம்: புறத்திலிருந்து கொண்டுவரும் நூலகத்தின் நடைத்தாளை ஒரு லேயரினுள் இட்டுவிட்டால், லேயரில் இடப்படாத நம்முடைய விதி, கிளாஸ் ஒன்றே உடையதாயினும், அதன்மேல் செல்லும். நூலகத்தார் இம்பார்ட்டன்ட் இட்டுவைத்த விதிகளுக்கு மட்டும் இந்த முறை தலைகீழாகும் என்பதையும் உடன் சொல்லிவைக்க வேண்டும்.

இரண்டு விஷயங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் இடத்தைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றின் இருப்புக் கணக்கைத் திரையில் காட்டும் நிரலை எழுதிய வாசகர் ஒருவர், விலை என்ற தலைப்பை அழுத்தியதும் தமது வரிசைப்படுத்தும் நிரல் பிழைபடுகிறது என்று எழுதியிருந்தார். ஒரு வரி வெண்மையும் அடுத்த வரி இளநீலமுமாக இருந்த அட்டவணையில், வரிசைப்படுத்தியபின் இளநீல வரிகள் மூன்று சேர்ந்தாற்போல் நிற்பதே அவர் கண்ட பிழை. விலைகளைப் பார்த்தால், அவை மிகச் சரியான கிரமத்திலேயே இருந்தன. முதன்முறை அட்டவணையை உருவாக்கும்போதே இரட்டைப்படை வரிகளுக்கு அவர் ஒரு கிளாஸைச் சூட்டியிருந்தார். வரிகள் இடம்பெயர்ந்தபோது அவை தம் நிறத்தையும் உடன் சுமந்து சென்றுவிட்டன. நிறம் பொருளுக்கு உரியதன்று, அது நிற்கும் ஸ்தானத்துக்கு உரியது என்று கண்டு, என்த்-சைல்டு என்னும் செலக்டரில் இரட்டைப்படை என்று குறித்த மாத்திரத்தில் சிக்கல் நீங்கியது. தேடலுக்குப் பொருந்தாத வரிகளை மறைக்கும் வசதியும் அந்த நிரலில் இருந்தது. மறைந்த வரிகளையும் உலாவி எண்ணுமாதலால் நிறம் மீண்டும் கலையும். மறையாதவற்றை மட்டும் எண்ணச் சொல்லும் வகை 2023 முதல் முக்கிய உலாவிகள் அனைத்திலும் கிடைக்கிறது. இந்த வாசகருக்கு உதவ முன்வந்த நண்பர்கள் அனைவரும் வரிசைப்படுத்தும் நிரலையே திருப்பித் திருப்பி ஆராய்ந்தார்கள் என்றால், அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. கேள்வி அப்படி வந்தது.

இதே பிழை வேறு வேடத்திலும் வருவதுண்டு. ரியாக்ட் நூலகத்தில் பட்டியலின் ஒவ்வோர் உறுப்புக்கும் அதன் இட எண்ணையே கீ என்று கொடுத்துவிட்டால், வரிசை மாறியபின், உபயோகிப்பவர் ஒரு பெட்டியில் தட்டச்சிட்ட எழுத்துகள் பழைய இடத்திலேயே நின்று வேறொருவர் பெயருக்கு நேரே காட்சியளிக்கும். அங்கே ஸ்தானத்துக்குச் சூட்டியதைப் பொருளுக்குச் சூட்ட வேண்டும். தரவின் நிலையான அடையாள எண்ணே அதற்குப் பரிகாரம்.

இனி வரிசைப்படுத்தலுக்கு வருவோம். ஜாவாஸ்கிரிப்டின் சார்ட் என்ற செயல், ஒப்பிடும் முறையை நாம் சொல்லாவிட்டால், எண்களையும் எழுத்துச் சரமாக்கியே ஒப்பிடும். ஆகையால் 1, 9, 10 என்பவை 1, 10, 9 என்று அமையும். இதைப் பெரும்பாலோர் விரைவில் அறிந்துகொள்கிறார்கள். நம் நாட்டில் தொகை எழுதும் வழக்கத்தால் நேரும் பிழையோ எளிதில் அகப்படுவதில்லை. 1,25,000 என்று காற்புள்ளியோடு வந்த சரத்தை பார்ஸ்ஃப்ளோட் என்ற செயலிடம் ஒப்படைத்தால், அது முதற் காற்புள்ளியிலேயே நின்று, 1 என்ற எண்ணைத் தருகிறது. 2,000 என்பது 2 ஆகிறது. ஒன்றேகால் லட்சம் இரண்டாயிரத்துக்குக் கீழே போய் உட்காருகிறது. எந்தப் பிழைச் செய்தியும் திரையில் எழுவதில்லை. தேதிகளின் கதையும் இதுவே: நாள், மாதம், ஆண்டு என்ற முறையில் எழுதிய தேதிகளைச் சரமாக ஒப்பிட்டால் எல்லா மாதங்களின் முதல் தேதிகளும் ஓரிடத்தில் கூடிவிடும், ஆண்டு, மாதம், நாள் என்று ஐஎஸ்ஓ 8601 முறையில் எழுதினால் சரமாக ஒப்பிட்டாலும் காலக்கிரமம் கெடாது. சேமிக்கும் வடிவம் வேறு, காட்டும் வடிவம் வேறு என்று தொடக்கத்திலேயே பிரித்துவைப்பவர்க்கு இத்தகைய சங்கடங்கள் நேர்வதில்லை.

ஒப்பிடும் செயலை எழுதுவதிலும் ஒரு நியதி உண்டு. முன்னது சிறிதாயின் எதிர்மறை எண், சமமாயின் பூஜ்யம், பெரிதாயின் நேர்மறை எண் என்று மூவகை விடை தர வேண்டிய இடத்தில், பெரிதா அன்றா என்ற இருவகை விடை மட்டும் தந்து எழுதிய நிரல்கள் ஏராளம். குரோம் உலாவியின் பழைய பதிப்புகளில், பத்து உருப்படிகளுக்கு மேற்படாத பட்டியல்களிலாவது, அவை சரியாக நடப்பது போலவே தோன்றின. 2018-இல் 70-ஆம் பதிப்போடு, டிம் பீட்டர்ஸ் 2002-இல் பைத்தான் மொழிக்காக வகுத்த டிம்சார்ட் முறை அவ்வுலாவிக்கு வந்தபோது, எதிர்மறை விடை ஒருபோதும் வாராத அந்தப் பட்டியல்கள் ஏற்கெனவே வரிசையாய் இருப்பனவாகக் கொள்ளப்பட்டு, இருந்தபடியே விடப்பட்டன. உலாவி கெட்டுவிட்டது என்று பலர் கருதியிருக்கக் கூடும். கெட்டிருந்தது அவர்கள் நெடுநாள் முன்பு யாரிடமோ பெற்று, காரணம் கேளாமல் ஒட்டிக்கொண்ட ஒரு வரி. அந்த மாற்றத்தால் விளைந்த பெரிய நன்மை ஒன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. சமமான உருப்படிகள் தம் முந்தைய கிரமத்தைக் காக்க வேண்டும் என்பது ஜாவாஸ்கிரிப்டின் 2019-ஆம் ஆண்டு நியமத்தில் கட்டாயமாயிற்று. பெயர்ப்படி அமைந்த பட்டியலைப் பிரிவுப்படி மீண்டும் அமைத்தால், ஒவ்வொரு பிரிவினுள்ளும் பெயர்க்கிரமம் குலையாமல் நிற்கும் என்று இப்போது நம்பி எழுதலாம்.

தமிழ்ப் பெயர்களை அடுக்குவோர் மற்றொரு விஷயத்தையும் அறிந்திருக்க வேண்டும். யூனிகோடில் னகரம் நகரத்தை அடுத்து, பகரத்துக்கு முன்னே, இடம்பெற்றிருக்கிறது. புள்ளிக்கு உரிய எண்ணோ உயிர்க்குறிகள் எல்லாவற்றுக்கும் பின்னே இருக்கிறது. எனவே எண் மதிப்பை மட்டும் கொண்டு ஒப்பிட்டால், கனகா என்ற பெயர் கபிலனுக்கும் கமலாவுக்கும் முன்னே வந்துவிடும். வளவனுக்குப் பின்னே வள்ளி தள்ளப்படுவாள். அகராதி மரபோ இவ்விரண்டையும் மாற்றி வைக்கும். லோகேல்கம்பேர் என்ற செயலுக்கு மொழி தமிழ் என்று குறிப்பிட்டு ஒப்பிடுவதே நேரிய வழி. அதன்பின்னும், தாம் சார்ந்திருக்கும் உலாவியிலும் சர்வரிலும் புள்ளியெழுத்துகள் உரிய இடத்தில் அமைகின்றனவா என்று பத்துப் பெயர்களைக் கொண்டு ஒருமுறை சோதித்துப் பார்த்துவிடுவது நலம். மாணவர் பட்டியலும் பிற பெயர்ப் பட்டியல்களும் தமிழில் அச்சாகும் நாட்டில் இதனை அழகுக்குரிய விஷயமாக மட்டும் எண்ணி உதாசீனம் செய்தல் தகாது. தம் பெயரைத் தேடி விரலால் பட்டியலைத் தடவிவரும் முதியவர், அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லையென்றால், இல்லவே இல்லையென்று திரும்பிப் போய்விடுவார்.

கண்ணுக்குத் தோன்றும் வரிசையும் உள்ளே இருக்கும் வரிசையும் ஒன்றாயிருக்க வேண்டும் என்பதையும் இவ்விடத்தில் வற்புறுத்த விரும்புகிறோம். ஃபிளெக்ஸ் அமைப்பில் ஆர்டர் என்ற பண்பைக் கொண்டு பெட்டிகளை முன்பின்னாக மாற்றிக் காட்டிவிட முடியும் என்பதால், தரவை அடுக்காமல் தோற்றத்தை மட்டும் அடுக்கிவிடும் பழக்கம் சிலரிடம் காணப்படுகிறது. டேப் விசையால் நகர்பவர்க்கும், திரைவாசிப்பானின் குரலால் பக்கத்தை அறிகின்ற பார்வையற்றவர்க்கும் பழைய கிரமமே கிட்டும். அட்டவணைத் தலைப்பில் மேல்நோக்கிய அம்புக்குறியை வரைந்தால் போதாது. ஏரியா-சார்ட் என்ற பண்பில் ஏறுவரிசையா இறங்குவரிசையா என்று எழுத வேண்டும். அவ்வாறு எழுதி, அதே பண்பைச் செலக்டராகக் கொண்டு அம்புக்குறியை வரையும்படி நடைத்தாளை அமைத்துவிட்டால், பார்ப்பவரும் கேட்பவரும் ஒரே உண்மையை அறிவார்கள்.

இவ்வளவும் சொன்னபின், உதவி கேட்கும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்வது அவசியமாகிறது. முழு நிரலையும் அனுப்பிவிட்டு “வேலை செய்யவில்லை” என்று எழுதும் கடிதத்துக்கும், நான்கு வரித் தரவையும் அதன்மேல் செயற்படும் பத்து வரி நிரலையும் தனியே பிரித்தெடுத்து, “இந்தக் கிரமம் வேண்டும், இந்தக் கிரமம் வருகிறது” என்று எழுதும் கடிதத்துக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. பின்னதை எழுத முயல்பவர்களுள் பலர் பாதி எழுதும்போதே விடையைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டும் என்ற எண்ணத்தால், தமிழில் தெளிவாக விளக்கத் தெரிந்த பிரச்சினையை அரைகுறையான இரண்டு ஆங்கிலச் சொற்களில் சுருக்கிவிடும் இளைஞர்களைக் காணும்போது மனம் வருந்துகிறது. இயந்திர உதவியாளர்களிடம் கேட்கும் வழக்கம் பரவிவிட்ட இக்காலத்தில் இந்தத் தெளிவு முன்னிலும் அவசியம். கேட்டதற்கு ஏற்ற நிரலை அவை நொடியில் எழுதித் தந்துவிடும், ஆனால் நம் தரவில் காற்புள்ளி இருப்பதை நாம் சொல்லாமல் அவை அறிய வழியில்லை.

அடுத்த இதழிலிருந்து ஐயம் விளக்கும் பகுதியைத் தனியே விரிவாக வெளியிட எண்ணியிருக்கிறோம். விடை எழுதும் அன்பர்கள், சரியான வரியோடு அது சரியாயிருப்பதற்குரிய விதியையும் சேர்த்து எழுத இசைந்திருக்கிறார்கள். கேள்வி அனுப்புவோர் தமிழிலேயே எழுதலாம். உலாவியின் பெயரும் பதிப்பும், சிறிய மாதிரித் தரவும், எதிர்பார்த்த தோற்றமும், கிடைத்த தோற்றமும் கடிதத்தில் இருக்கட்டும். மாதிரித் தரவில் வாடிக்கையாளரின் உண்மையான பெயரும் ஃபோன் எண்ணும் வாராதபடி மாற்றிவிடுவது கட்டாயம். மாற்றும்போது, மூலத்தில் இருந்த காற்புள்ளிகளையும், காலியான கட்டங்களையும், பெயருக்கு முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் வெற்றிடங்களையும் திருத்திவிடாமல் அப்படியே வைத்து அனுப்ப வேண்டுகிறோம்.