துருவுக்கு ஏன் மதிப்பெண்?

பாரிசில் இருக்கும் என் மருமகன் ஒரு மாடல் கண்காட்சிக்குப் போய்வந்து படங்கள் அனுப்பியிருந்தார். எல்லாம் இரண்டாம் உலகப்போர் டாங்கிகள், விமானங்கள். பெட்டியில் பிளாஸ்டிக் துண்டுகளாக வரும்; வெட்டி, தேய்த்து, ஒட்டி, வர்ணம் பூசி உருவாக்க வேண்டும். பிரெஞ்சில் 'மக்கெத்' என்போம். முதல் பரிசு வாங்கியது ஒரு பிரெஞ்சு டாங்கி, 1940இல் போருக்குப் போனது. உச்சி முதல் சக்கரம் வரை துரு. பழைய இரும்புக் கடையில் நாற்பது வருஷம் மழையில் கிடந்த சாமான் மாதிரி இருந்தது. நடுவர்கள் அசந்துபோனார்களாம்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எழுபதைத் தாண்டியவனுக்குப் பொம்மை விளையாட்டா என்று சிரிப்பவர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

முதலில் அளவு. விமானங்களுக்கு வழக்கமான அளவு எழுபத்திரண்டில் ஒன்று. ஆறடி மனிதன் ஓர் அங்குலம் ஆவான், கணக்கு சுலபம். டாங்கிகளுக்கு முப்பத்தைந்தில் ஒன்று. இதற்கு அப்படிக் கணக்கு ஒன்றும் கிடையாது. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் தாமியா நிறுவனம் ஜெர்மன் பாந்தர் டாங்கியை மோட்டார் வைத்து ஓடும் மாடலாகச் செய்தபோது, உள்ளே பேட்டரி அடங்கும்படி உடலை அமைத்தார்கள். பிறகு அளந்து பார்த்தால் ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒன்றாக வந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க அதுதான் அளவு. பேட்டரிக்காகப் பிறந்த அளவை வைத்துக்கொண்டு நுணுக்கம் பேசுகிறோம் என்பதை மறக்கக்கூடாது.

நுணுக்கம் என்றதும் 'ஆணி எண்ணுகிறவர்கள்' ஞாபகத்துக்கு வருகிறார்கள். பிரான்சின் ஹெல்லர் 1970களில் வெளியிட்ட விமானங்களில் தகட்டு இணைப்புகள் மெல்லிய மேடாக இருக்கும். இப்போது வருகிறவற்றில் அவை பள்ளமாகக் கீறப்பட்டிருக்கின்றன. மேடு என்றால் தள்ளுபடி, பள்ளம் என்றால் சபாஷ். நான் குமாஸ்தா, கூட்டிப் பெருக்கிப் பார்க்காமல் விடமாட்டேன். கீறலின் அகலம் 0.2 மில்லிமீட்டர் என்று வையுங்கள். எழுபத்திரண்டால் பெருக்கினால் நிஜ விமானத்தில் 14 மில்லிமீட்டருக்கு மேல். அரை அங்குலத்துக்கும் அதிகமான பிளவோடு எந்த விமானமாவது பறக்குமா? மேடும் பொய், பள்ளமும் பொய். ஒரு பொய்க்குப் பரிசு கொடுத்து இன்னொன்றை ஏன் தள்ள வேண்டும்?

துருவுக்கு வருகிறேன். 1940இல் பிரான்சுக்காகப் போரிட்ட கனமான டாங்கி பே-அன் பிஸ். முப்பது டன்னுக்கு மேல் எடை, உள்ளே நான்கு பேர். அதில் 'எர்' என்ற ஆற்றின் பெயரைத் தாங்கிய ஒன்று, கேப்டன் பியர் பிலோத்தின் தலைமையில், மே 16ஆம் தேதி ஸ்தோன் என்ற சிற்றூருக்குள் நுழைந்தது. தெருவில் வரிசையாக நின்ற ஜெர்மன் டாங்கிகளில் பதின்மூன்றை அடித்துவிட்டுத் திரும்பியது. அதன்மேல் 140 குண்டுகள் பட்ட தடம் இருந்ததாகவும், ஒன்றுகூடத் துளைக்கவில்லை என்றும் பதிவு. அந்த டாங்கியைச் செய்கிறவன் காட்ட வேண்டியது புழுதியை, குண்டு உரசி வர்ணம் பெயர்ந்து மினுக்கும் இரும்பை. புகைபோக்கி சூட்டில் சிவந்திருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மே 10இல் ஆரம்பித்து ஆறு வாரத்தில் முடிந்த அந்தப் போரில் உடம்பு முழுக்கத் துரு ஏற நேரம் எங்கே? அந்தத் துரு மாடல்காரரின் கைவித்தை. டாங்கிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பின் எதை வைத்து மதிப்பிடுவது? நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இது யாருடைய வண்டி, எந்த நாளில்? ஆபீசில் ஒரு கோப்பு வந்தால் காகிதம் பளபளப்பா என்று பார்க்கமாட்டோம். எண், தேதி, முத்திரை மூன்றையும் பார்ப்போம்.

1944 ஆகஸ்ட் 24 இரவு, ஜெனரல் லெக்லேரின் இரண்டாம் கவசப் படையிலிருந்து கேப்டன் த்ரோன் ஒரு சிறு அணியோடு பாரிஸ் நகரசபைக் கட்டடத்தை அடைந்தார். அவரோடு மூன்று ஷெர்மன் டாங்கிகள்: மோன்மிராய், ஷாம்போபேர், ரொமியி. கூட வந்த அரைச்சங்கிலி வண்டிகளில் மாத்ரித், குவாதலஹாரா, தெருவெல், எப்ரோ என்று எழுதியிருந்தது. எல்லாம் ஸ்பெயின் பெயர்கள். ஏனென்றால் அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஃபிராங்கோவிடம் தோற்று நாட்டை விட்டு வந்த ஸ்பானியர்கள். வாகனம் அமெரிக்காவில் செய்தது, ராணுவம் பிரான்சுடையது, பெயர் ஸ்பெயின் மண்ணுடையது. ஒட்டுவேலை எவ்வளவு நேர்த்தியானாலும், பக்கவாட்டில் அந்தப் பெயர் இல்லாவிட்டால் அது கடையில் நிற்கும் வண்டி. பெயரைச் சரியான இடத்தில் ஒட்டினால், அந்த இரவில் அதில் உட்கார்ந்திருந்த ஆளுடைய வண்டி.

நம் புதுவையும் 1940 செப்டம்பரிலேயே கவர்னர் போன்வேன் காலத்தில் தெ கோலின் சுதந்திர பிரான்சோடு சேர்ந்த ஊர். அந்த லொரேன் சிலுவை நமக்குப் புதிதல்ல. எங்கள் தெருவில் ஒரு சொல்தா இருந்தார், இந்தோசீனாவில் இதே மாதிரி அரைச்சங்கிலி வண்டியில் போனவர். ஒருநாள் என் மேசைமேல் இருந்த பெட்டியின் படத்தைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். "படம் நல்லா இருக்குது முசே. ஆனா இவனுங்க எங்க படுத்தானுங்க? தண்ணி டின் எங்க, கம்பளி எங்க, சட்டி எங்க?" என்றார். நடுவர்களின் மதிப்பெண் தாளில் இந்தக் கேள்விக்கு ஒரு கட்டம் இருந்தால் தேவலை.

இன்னொரு தகராறு ஸ்வஸ்திகா பற்றியது. ஜெர்மனியில் அந்தச் சின்னத்தைப் பொதுவில் காட்டச் சட்டத் தடை உண்டு. அதனால் பல கம்பெனிகள் விமானத்தின் வால் சின்னத்தை விட்டுவிடுகிறார்கள், அல்லது இரண்டு துண்டாக அச்சடித்து ஒட்டுகிறவன் பாடு என்று விடுகிறார்கள். அந்த நாட்டின் சட்டத்துக்கு அதற்கான நியாயம் இருக்கிறது; அது அவர்கள் பட்ட பாடு. ஆனால் இங்கே, என் அலமாரியில், நான் இரண்டு துண்டையும் சேர்த்தே ஒட்டுகிறேன். சின்னமில்லாத மெஸ்ஸர்ஷ்மிட் வெறும் அழகான விமானம், பார்க்கிற பேரப்பிள்ளை "சூப்பர் தாத்தா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். சின்னம் இருந்தால் "இது என்ன?" என்பான். அப்போது உட்காரவைத்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லலாம். பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கோப்பை ரெக்கார்டு ரூமுக்கு அனுப்பும் பழக்கம் எனக்கு இல்லை.

எண் என்று சொன்னேன் அல்லவா. பள்ளியில் நாம் 'குட்டி இளவரசன்' படித்தோமே, அதை எழுதிய சேன்த்-எக்சுபெரி 1944 ஜூலை 31 அன்று கோர்சிகாவிலிருந்து லைட்னிங் விமானத்தில் புறப்பட்டவர் திரும்பவில்லை. வயது 44. என்ன ஆனார் என்று ஐம்பது வருஷத்துக்கு மேல் தெரியாது. மார்செய் அருகே கடலடியில் கிடந்த சிதைவுகளை 2003இல் மேலே எடுத்தார்கள். ஒரு துண்டில் 2734 என்றும் பக்கத்தில் 'எல்' என்றும் பொறித்திருந்தது. தொழிற்சாலைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்து, அது அவருடைய விமானம்தான் என்று 2004இல் அறிவித்தார்கள். ஒரு சிறு எண் இல்லையென்றால் அது யாரோ ஒருவரின் தகரம்.

அந்த லைட்னிங் உளவுப் படம் எடுக்கும் வகை. மூக்கில் துப்பாக்கி கிடையாது, கேமராக்கள்தான். துப்பாக்கி வைத்த சண்டை விமானத்தைக் கட்டி அவர் பெயரை எழுதிவைக்கிறவர்கள் உண்டு; நான் நடுவராக இருந்தால் எவ்வளவு வழவழப்பாக வர்ணம் பூசியிருந்தாலும் பரிசு தரமாட்டேன். ஆயுதமில்லாமல் போன மனிதர் கையில் துப்பாக்கியைத் திணிக்க நாம் யார்?

இப்போது என் மேசையில் இருப்பது அதே வகைதான். மருமகன் கொண்டுவந்த பழைய பெட்டி, படத்தாள் மஞ்சளாகிவிட்டது. கண்ணாடி ஜன்னலில் உள்பக்கமாக ஒட்டி வெயில் காட்டினால் வெளுத்துவிடும், நம்மூர் வெயிலுக்கு இரண்டு வாரம் போதும். அடைமழை ஆரம்பிப்பதற்குள் எண்களை ஒட்டிவிட வேண்டும்.