கூட்டத்தைத் திரட்டுவது எது?

அண்டை வீட்டாரின் துன்பத்திற்கு இரங்கும் மனிதர், கூட்டத்தோடு சேர்ந்ததும் அதே வீட்டிற்குத் தீ வைக்கத் துணிவது எங்ஙனம்? ஒவ்வொரு வகுப்புக் கலவரத்திற்குப் பிறகும் எழும் கேள்வி இது. கூட்டம் சேர்ந்தாலே அறிவு மழுங்கிவிடும் என்பது முதலாளித்துவ ஏடுகள் தரும் எளிய விடை. அந்த விடை போதாது என்பதற்கு உத்தரப்பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டமே சான்று.

2013 ஆகஸ்ட் 27 அன்று அங்குள்ள கவால் கிராமத்தில் நடந்த மோதலில் மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்டனர். வேறொரு நாட்டில் எடுக்கப்பட்ட பழைய காணொலி ஒன்று, அந்தக் கொலையின் காட்சி எனப் பரப்பப்பட்டது. செப்டம்பர் 7 அன்று, பெண்களைக் காப்போம் என்ற முழக்கத்துடன் மகா பஞ்சாயத்து கூடியது. தொடர்ந்து வெடித்த வன்முறையில் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சுமார் 50 ஆயிரம் பேர், பெரும்பாலும் ஏழை முஸ்லிம்கள், ஊரை விட்டு ஓடி முகாம்களில் தஞ்சமடைந்தனர். பெண்களைக் காக்கத் திரண்டதாகச் சொன்ன வன்முறையில் பெண்களே பாலியல் கொடுமைக்கு ஆளாயினர்.

எட்டாண்டுகள் கழித்து, 2021 செப்டம்பர் 5 அன்று, அதே முசாபர்நகரில் மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து மற்றொரு மகா பஞ்சாயத்து கூடியது. மேடையிலிருந்து ‘அல்லாஹு அக்பர்’ என்ற முழக்கம் எழ, மைதானம் கொள்ளாத கூட்டம் ‘ஹர ஹர மகாதேவ்’ என்று மறுமொழி தந்தது. கலவரத்திற்குப் பின் பாரதிய கிசான் யூனியனை விட்டு விலகிய குலாம் முகமது ஜௌலா, அவ்வாண்டு ஜனவரியிலேயே ஜாட் தலைவர்களுடன் மேடையேறி, முஸ்லிம்களைத் தாக்கியது பெருந்தவறு என நேருக்கு நேர் கூறியிருந்தார்.

மண் அதுவே, சாதிகளும் அவையே. 2013இல் மக்களைத் திரட்டியவை வதந்தியும் சாதி கௌரவமும். அத்தகைய திரட்டலில் ஐயம் எழுப்புபவர் துரோகியாகிவிடுவார். ஆகவே மனம் ஒப்பாதவரும் வாய் திறப்பதில்லை. அந்த மௌனத்தைச் சம்மதமாகக் கொண்டு மற்றவர்கள் துணிகின்றனர். 2021இல் திரட்டியவை விளைபொருள் விலை, கரும்பு நிலுவை, மின்கட்டணம் ஆகிய வாழ்வாதாரக் கேள்விகள். நிலுவை வைக்கும் சர்க்கரை ஆலை விவசாயியின் மதத்தைக் கேட்பதில்லை. தில்லி எல்லைகளில் மாதக்கணக்கில் ஒன்றாக உண்டு, குளிரை ஒன்றாகத் தாங்கிய அனுபவமும் அந்த ஒற்றுமைக்கு உரமூட்டியது.

எனினும், பொருளாதாரக் கோரிக்கை மட்டுமே போதும் என்று நாம் முடிவு கட்டலாகாது. 2013க்கு முன்பும் ஜாட்டுகளும் முஸ்லிம்களும் அதே சங்கத்தில், அதே கரும்பு விலைக்காகப் போராடியவர்களே. கலவரம் வந்தபோது அச்சங்கத்தால் அதைத் தடுக்க இயலவில்லை. ஜௌலாவின் பேச்சு முக்கியமாவது இதனாலேயே. இழைக்கப்பட்ட அநீதியை வெளிப்படையாகச் சொன்ன பிறகுதான் ஒற்றுமை மீண்டும் வேர்பிடித்தது.

இந்தப் படிப்பினை நம் அணிகளுக்கும் உரியது. நம் தோழர்கள் கட்சிக் கிளையில் மட்டும் வாழவில்லை. உறவு வட்டத்திலும், சாதிச் சங்கம் வலுவாயுள்ள தெருவிலும், வாட்ஸ்அப் குழுக்களிலும் வாழ்கின்றனர். மாலையில் ஆர்ப்பாட்டத்தில் முழக்கமிட்டவர், இரவில் உறவினர் குழுவில் வரும் வெறுப்புச் செய்தியைக் கண்டும் காணாதவர்போல் கடந்து சென்றால், அவரது மௌனமும் வெறுப்பைப் பரப்புவோர் கணக்கில்தான் சேரும். தனி ஒருவராக மறுத்துரைப்பது கடினம். துணை நிற்க இருவரேனும் வேண்டும். அந்தத் துணையைத் தருவது கிளையின் கடமை. உறுப்பினர் பதிவு, நிதி, இயக்கங்கள் பற்றிய அறிக்கையோடு, நம் பகுதியில் இம்மாதம் பரவிய வதந்தி எது, அதை யார் மறுத்தார், யாரால் மறுக்க இயலவில்லை என்பதையும் கிளைக் கூட்டத்தில் விவாதிப்போம்.