பத்தாயிரம் ரூபாய் வேலைவாய்ப்பு ஆகாது

பிகார் அரசு பெண்களின் வங்கிக் கணக்கில் போட்ட 10,000 ரூபாயைப் பற்றி, 2025 சட்டமன்றத் தேர்தல் முடிந்த பிறகும் பேச வேண்டியிருக்கிறது. அது வாக்குக்குக் கொடுத்த பணமா இல்லையா என்ற வாதப் பிரதிவாதம் ஓய்ந்துவிட்டது. நம்முடைய குறை வேறு. அந்தத் தொகையை வேலைவாய்ப்புத் திட்டமாக அறிவித்துவிட்டு, வேலைவாய்ப்புக்காக ஓர் அரசு செய்ய வேண்டிய மற்ற எல்லாவற்றையும் கைகழுவியிருக்கிறார்கள்.

2025 செப்டம்பர் 26 அன்று முதற்கட்டமாக 75 லட்சம் பெண்களுக்கு 7,500 கோடி ரூபாய் போனது. தொழில் தொடங்கி நடத்திக் காட்டினால் பிறகு 2 லட்சம் வரை கிடைக்கும் என்றார்கள். ஏழைப் பெண்ணின் கைக்கு நேரடியாகப் பணம் போவதை நாம் எதிர்க்கவில்லை. தமிழ்நாட்டில் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை கொடுக்கப்படுகிறது. அதில் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது, மருந்து வாங்க முடிகிறது. அதற்காக, இத்தனை லட்சம் பேருக்கு வேலை கொடுத்துவிட்டோம் என்று இங்கே யாரும் மார்தட்டுவதில்லை.

பத்தாயிரத்தில் என்ன தொழில் தொடங்குவது? பூர்ணியா பக்கம் ஒரு கிராமத்தை நினைத்துப் பாருங்கள். ஒருவர் தையல் மெஷின் வாங்குகிறார். அடுத்த வீட்டிலும் அதே மெஷின். இன்னொருவர் ஒன்றிரண்டு ஆடு வாங்கிக் கட்டுகிறார். மற்றொருவர் வாசலில் பிஸ்கட், சோப்பு, தீப்பெட்டி அடுக்கிப் பெட்டிக்கடை போடுகிறார். அந்தத் தெருவில் வாங்க வருகிறவர்கள் அத்தனை பேரும் கூலிக்காரர்கள். கூலி கிடைத்தால்தான் காசு, அதுவரை கடன். இரண்டு மாதத்தில் சரக்கு தீர்ந்துபோய்க் கடன் நோட்டு மட்டும் மிஞ்சும். ஆட்டுக்கு நோய் வந்தால் போட்ட முதலும் போச்சு. இதற்கிடையே வாராவாரம் வாசலில் வந்து நிற்கும் குழுக்கடன்காரருக்குத் தவணை கட்டியாக வேண்டும். நுண்கடன் நிலுவையில் நாட்டின் முன்வரிசையில் இருக்கும் மாநிலம் அது. வந்த பணத்தில் எவ்வளவு தொழிலுக்குப் போகும், எவ்வளவு தவணைக்குப் போகும் என்று இதைத் தீட்டிய அதிகாரிகளுக்குத் தெரியாதா? ஊரில் யார் கையிலும் காசு இல்லாதபோது ஊரையே வியாபாரியாக்கினால், யார் யாரிடம் வாங்குவது?

அந்தக் காசு நிலத்திலிருந்துதான் வர வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி பிகாரில் உழைப்பவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் விவசாயிகள் அல்லது விவசாயக் கூலிகள். சராசரி நில உடைமை ஒரு ஏக்கருக்கும் குறைவு. இப்படிப்பட்ட மாநிலத்தில் விளைச்சலுக்குக் கட்டுபடியாகும் விலை கிடைக்கச் செய்வதைவிடப் பெரிய வேலைவாய்ப்புத் திட்டம் இருக்க முடியாது. அதற்கு நேர்மாறான காரியத்தைத்தான் பிகாரை ஆளும் இவர்கள் செய்தார்கள்.

2006இல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடச் சட்டத்தை ஒரே வீச்சில் ரத்து செய்தார்கள். தனியார் போட்டி போட்டு வாங்குவார்கள், விலை ஏறும் என்றார்கள். பழைய கூடங்களின் பராமரிப்புதான் போயிற்று. எதிர்பார்த்த முதலீடு வரவில்லை. சித்திரை வெயிலில் தார்ச்சாலையில் மக்காச்சோளத்தைக் காயவைத்து, பூர்ணியாவிலுள்ள குலாப்பாக் சந்தைக்குக் கொண்டுபோகும் விவசாயிக்கு அங்கே வியாபாரி சொல்வதுதான் விலை. ஈரப்பதம் என்று பிடித்தம் போக மிச்சத்தை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். மத்திய அரசு 2025-26க்கு அறிவித்த குவிண்டாலுக்கு 2,400 ரூபாய் ஆதரவு விலையில் மக்காச்சோளத்தைக் கொள்முதல் செய்ய அங்கே பெயர் சொல்லும்படி ஏற்பாடே இல்லை. நெல்லுக்குக் கூட்டுறவுச் சங்கக் கொள்முதல் உண்டு. அது தாமதமாகத் தொடங்குவதால் அவசரத்துக்கு விற்கும் சிறு விவசாயிக்குப் பயன்படுவதில்லை. பிகாரில் மலிவாக வாங்கிய நெல்லைப் பஞ்சாப் மண்டிகளுக்குக் கடத்தி ஆதரவு விலைக்கு விற்றுக் கொழிக்கும் வியாபாரிகள் இருக்கிறார்கள். விளைவித்தவனுக்குக் கிடைக்காத விலை கடத்தியவனுக்குக் கிடைக்கிறது. ஏறத்தாழ இருபது ஆண்டு ஆகியும், சட்டத்தை ரத்து செய்த அந்த முடிவைத் திரும்பிப் பார்க்க இவர்களுக்கு இன்னும் மனம் வரவில்லை.

சர்க்கரை ஆலைகளின் கதையும் இதுவே. 28 ஆலைகள் இருந்த மாநிலத்தில் இன்று மூன்றில் ஒரு பங்குதான் ஓடுகிறது. பெரும்பாலானவற்றை மூடியது முந்தைய ஆட்சிகள் என்பது உண்மை. அவற்றைத் திறக்க இத்தனை ஆண்டு கிடைத்தும், ஒரு சிலவற்றைத் தவிர மற்றவற்றைத் துருப்பிடிக்க விட்டது யார்?

2023 சாதிவாரிக் கணக்கெடுப்பு, மாதம் 6,000 ரூபாய்க்குள் பிழைக்கும் குடும்பங்கள் 94 லட்சத்துக்கு மேல் என்று சொன்னது. அந்தக் குடும்பங்களுக்குத் தலா 2 லட்சம் தருவோம், தொழில் தொடங்கட்டும் என்று 2024 ஜனவரியில் முடிவெடுத்தார்கள். பிறகு குலுக்கல் முறையில் ஆள் எடுத்தார்கள். பட்டினிக்குக் குலுக்கலா? அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் வந்தது. 2 லட்சம் 10,000 ஆகிவிட்டது.

படித்த பிள்ளைகளின் கதி இன்னும் மோசம். 2024 டிசம்பரில் அரசுப் பணித் தேர்வில் குளறுபடி, மறுதேர்வு வையுங்கள் என்று பாட்னாவில் கூடியவர்கள் மேல் கடுங்குளிரில் தண்ணீரைப் பீய்ச்சினார்கள், தடியடி நடத்தினார்கள். அதே ஆண்டு ஜூன், ஜூலையில் பத்துக்கும் மேற்பட்ட பாலங்கள் வரிசையாக இடிந்தன. வேலை கேட்டவர்களிடம் காட்டிய வேகத்தைப் பாலம் கட்டியவர்களிடம் முன்கூட்டியே காட்டியிருக்கலாம்.

கடற்கரை இல்லை, 2000இல் கனிம வளமெல்லாம் ஜார்க்கண்டோடு போயிற்று, சிறப்பு அந்தஸ்து கிடைக்கவில்லை என்று காரணம் அடுக்குவார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் 2024 ஜூலையில் நாடாளுமன்றத்தில் சிறப்பு அந்தஸ்து இல்லை என்று சொன்ன மத்திய அரசைத் தாங்கி நிற்கும் கூட்டணியில் இவர்களும் இருக்கிறார்கள். அங்கே அழுத்திக் கேட்காமல் சொந்த மக்களிடம் வந்து புலம்புவது என்ன நியாயம்?

திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் கோவை பவுண்டரிகளிலும் பிகார் இளைஞர்கள் உழைக்கிறார்கள். தமிழ்நாட்டின் உற்பத்தியில் அவர்கள் வியர்வையும் கலந்திருக்கிறது. 2023 மார்ச்சில் அவர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது பாட்னாவிலிருந்து ஒரு குழு பதறி ஓடிவந்தது. அந்த அக்கறையில் பாதி, அவர்கள் ஊரைவிட்டுக் கிளம்ப நேர்ந்தபோது இருந்திருக்க வேண்டும்.

விளைபொருளுக்கு விலையும், விளையும் இடத்திலேயே ஆலையும், நேர்மையாக நடக்கும் தேர்வுகளும் வேண்டும். பிகாரின் ஆட்சியாளர்களே, அந்தத் திசையில் ஓரடியாவது எடுத்து வையுங்கள். 243 இடங்களில் 202ஐ மக்கள் உங்கள் அணிக்குத் தந்திருக்கிறார்கள். பெரும்பான்மை இல்லை என்றோ, கூட்டணி தடுக்கிறது என்றோ, காலம் போதவில்லை என்றோ இனி நீங்கள் சொல்ல முடியாது.