தோலுக்கடியில் காற்று



மழைக்காலத்தில் நம் மலையகத்துப் படிக்கட்டுகளில் வழுக்கி விழாதவர் யார்? விலாவில் அடிபட்டால் சூடாக எண்ணெய் பூசி உருவிவிட்டுப் படுத்துக்கொள்வோம். மறுநாள் கழுத்தும் முகமும் வீங்கினால் ‘நீர் கோத்துக்கொண்டது’ என்போம். அது நீராக இல்லாமல் காற்றாகவும் இருக்கலாம்.

எப்படி அறிவது? நீர்வீக்கத்தை விரலால் அழுத்தினால் பெரும்பாலும் குழி விழும். காற்று புகுந்த இடத்தைத் தொட்டால், தோலுக்கடியில் பொரி நொறுங்குவதுபோல நெறுநெறுக்கும். குரலும் மாறலாம்.

ஒடிந்த விலா எலும்பின் முனை நுரையீரலைக் கீறினால், அங்கிருந்து கசியும் காற்று தோலுக்கடியில் பரவி, கழுத்து, கண்ணிமை வரை ஏறும். தோலுக்கடியில் சேர்ந்த காற்று பெரும்பாலும் சில நாட்களில் தானே வற்றிவிடும். ஆபத்து அது கசிந்த ஓட்டையில்தான் இருக்கிறது. அதே காற்று நெஞ்சுக்குள் நிறைந்து நுரையீரலைச் சுருக்கினால் உயிருக்கே ஆபத்து.

விழுந்தால்தான் இது வரும் என்றில்லை. கடும் ஆஸ்துமா, விடாத இருமல், பிரசவத்தில் பலமாக முக்குதல், பல் வைத்தியத்தில் காற்றழுத்தக் கருவி பயன்படுத்துதல், கடும் வாந்தியில் உணவுக்குழாய் கிழிதல் ஆகியவற்றாலும் வரலாம். மண் பட்ட ஆழமான காயத்தில் சில கிருமிகளே வாயுவை உண்டாக்கும். தாங்க முடியாத வலி, துர்நாற்றம், தோல் கறுத்தல் அதன் அடையாளங்கள். அதில் ஒரு மணி நேரத் தாமதம்கூட ஆகாது.

நெறுநெறுப்பு தெரிந்தால் உருவாதீர்கள், பற்றுப் போடாதீர்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரவைத்து, 1990ஐ அழையுங்கள். 2016இல் தொடங்கிய இந்த அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை. டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை, நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை போன்ற அரசாங்க வைத்தியசாலைகளிலும் சிகிச்சை இலவசம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, தேவையானால் நெஞ்சில் சிறு குழாய் வைத்துக் காற்றை வெளியேற்றுவார்கள்.

ஒரு வார்த்தை, சகோதரிகளே. நெஞ்சைக் காட்ட வேண்டுமே என்ற கூச்சத்தில் வீக்கத்தை மறைக்கும் உம்மாமார் நம்மில் உண்டு. நாணம் மார்க்கம் போற்றும் பண்புதான். பெண் டொக்டர் இருந்தால் கேளுங்கள். இல்லாவிட்டால் கணவரையோ மகளையோ அருகில் வைத்துக்கொள்ளுங்கள். நிர்ப்பந்த நிலையில் ஆண் டொக்டர் தேவையான அளவு பரிசோதிப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. உயிர் அல்லாஹ் தந்த அமானிதம். அதைக் கூச்சத்துக்காக இழக்கலாமா?

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தை அருள்வானாக. ஆமீன்.