லேசான கியர் ஏற்றிவிடாது

ட்ரையல்ஸ் சைக்கிளைத் தொடும் ஒவ்வொரு புதியவருக்கும் இலவசமாகக் கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு: "சின்ன கியராப் போட்டுக்கோ, லேசா இருக்கும், எது மேல வேணா ஏறும்." சொல்கிறவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. மலைப்பாதையில் கியர் சைக்கிள் மிதித்தவர். மேடு வந்ததும் பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்துக்குச் செயினைத் தள்ளி, முழங்கால் வலி குறைந்ததை அனுபவித்தவர். அங்கே கண்ட உண்மையை அப்படியே இங்கே கொண்டுவந்து இறக்கிவிட்டார். விளைவு, நல்ல கால்பலம் உள்ளவர்கள்கூட மாதக்கணக்கில் ஒரே பாறையின் அடியில் நின்று தங்கள் துணிச்சலைக் குறைசொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பெரும்பாலான ட்ரையல்ஸ் சைக்கிள்களில் உட்கார இருக்கையே கிடையாது. பாறை, மரக்கட்டை, கான்கிரீட் குழாய் என்று எது எதிரே வந்தாலும் காலைத் தரையில் ஊன்றாமல் கடக்க வேண்டும். விளையாட்டு பிறந்தது மோட்டார் சைக்கிளின் வயிற்றில். ஸ்பெயினின் கத்தலோனியாவில், மோன்டேசா மோட்டார் சைக்கிள் நிறுவனத்தைச் சேர்ந்த பெரே பி அதைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தார். அவருடைய மகன் ஓட் பி பின்னாளில் பலமுறை உலகச் சாம்பியன் ஆனார். லேசான கியர் பற்றிய நம்பிக்கைக்கு ஒரு வேர் இங்கேயும் இருக்கிறது என்பது என் சந்தேகம். எஞ்சின் வண்டியில் முதல் கியரைத் தாழ்த்தி வைப்பதற்கு அர்த்தம் உண்டு. எஞ்சின் அணையாமல் ஓடிக்கொண்டிருக்க, வண்டி ஊர்ந்து போகும்; மிச்சத்தைக் கிளட்ச் பார்த்துக்கொள்ளும். சைக்கிளில் ஓடிக்கொண்டிருக்க எஞ்சினும் இல்லை, சமாளிக்கக் கிளட்சும் இல்லை.

இருப்பது ஓர் உதை மட்டுமே. அதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். ஓட்டுபவர் முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தில் மட்டும் நிற்கிறார். ஒரு விரல் பின் பிரேக்கை இறுக்கிப் பிடித்திருக்கிறது. பிரேக் கட்டை நழுவாமல் கவ்வ வேண்டும் என்பதற்காக ரிம்மின் பக்கத்தை கிரைண்டரால் சொரசொரப்பாக உரசி வைத்திருப்பார்கள். சக்கரம் துளியும் நகராது. முன்னால் இருக்கும் காலின் பெடல் கிடைமட்டத்துக்குச் சற்று மேலே நிற்கிறது. பிரேக் பிடித்தபடியே அந்தப் பெடலை அழுத்துகிறார். செயின் விறைக்கிறது. உடல் தாழ்கிறது. பிறகு விரல் விடுபட, கால் கீழே பாய, இடுப்பு எழும்ப, மூன்றும் ஒரே கணத்தில் நடக்கின்றன. பெடல் கிராங்கின் கால்வாசிச் சுற்று, மிஞ்சிப்போனால் அதற்குச் சற்று அதிகம் நகர்வதற்குள் டயர் தரையை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். அடுத்த மிதி என்று ஒன்று கிடையாது. மலைப்பாதையில் ஆயிரம் மிதி மிதித்து ஏறுகிறவரின் கணக்கை இந்த ஒற்றை உதைக்குப் போடுவது எப்படிப் பொருந்தும்?

எண்களை வைத்தே பார்க்கலாம். 20 அங்குல ட்ரையல்ஸ் சைக்கிளில் வழக்கமான கியர், முன்னால் 18 பல், பின்னால் 12 பல். கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஒன்றரைச் சுற்று. தடித்த டயரோடு அந்தச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 1.6 மீட்டர், ஆகவே ஒரு முழு மிதிக்கு வண்டி 2.4 மீட்டர் போகும், கால்வாசிச் சுற்றுக்கு 60 செ.மீ. இன்றைய மலைச் சைக்கிள்களின் மிக லேசான கியர்களில் ஒன்றான 32-க்கு 51-ஐ 29 அங்குலச் சக்கரத்தில் எடுத்தால் முழு மிதிக்கு ஏறத்தாழ 1.45 மீட்டர்தான், கால்வாசிச் சுற்றுக்கு 36 செ.மீ. இப்படிப்பட்ட கியரில் உதை தொடங்கி, உடல் எழத் தொடங்குவதற்குள் பெடல் அடியில் போய் முட்டிக்கொள்ளும். கால் காற்றை மிதித்த மாதிரி இருக்கும். வண்டியோ இருந்த இடத்திலிருந்து ஒரு முழம்கூட நகர்ந்திருக்காது.

"சரி, தூரம் போனால் போகட்டும், தள்ளும் விசை கூடுமே" என்பார்கள். கூடும்தான். ஆனால் அந்த விசை எங்கே போய் விழுகிறது? ஓட்டுபவர் பின்சக்கரத்தின்மேல் நிமிர்ந்து நிற்கிறார். விசையோ டயர் தரையைத் தொடும் இடத்தில், அவருடைய எடையின் மையத்துக்கு வெகு கீழே முன்னோக்கித் தள்ளுகிறது. அளவுக்கு மீறினால் சக்கரம் மட்டும் முன்னால் ஓடும், ஆள் மல்லாந்து பின்னால் போவார். லேசான கியர் பாதுகாப்பு என்று நம்பிப் போட்டவர்கள் முதுகில் விழுவதற்கு இது முக்கியக் காரணம்.

இன்னொரு விஷயம் தசையைப் பற்றியது. ஏ. வி. ஹில் என்ற பிரிட்டன் உடலியலாளர் 1938-இல் தவளைத் தசையை வைத்துக் காட்டியது இது: தசை எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறதோ, அவ்வளவுக்கு அது தரும் விசை குறையும். மிக மெதுவாகச் சுருங்கினால் விசை நிறைய, ஆனால் வேலை நடப்பதில்லை. மிக வேகமாகச் சுருங்கினால் வேகம் இருக்கிறது, விசை இல்லை. அதிகபட்சத் திறன் கிடைப்பது உச்ச வேகத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய இடத்தில். ட்ரையல்ஸ் சைக்கிளின் கியர் என்பது தொடைத் தசையை அந்த இடத்தில் நிறுத்தும் ஏற்பாடு. கியர் அதைவிடத் தாழ்ந்தால் கால் தன் வேகத்தாலேயே பலத்தை இழக்கிறது. லேசாக இருப்பதாகத் தோன்றுவது உண்மையில் பலம் வீணாகும் உணர்வு.

இதைக் கேட்டுவிட்டு மறுபக்கம் தாவி, பலசாலி என்றால் பெரிய கியர் என்று கிளம்புகிறவர்களும் உண்டு. அதிலும் பயனில்லை. பிரேக்கை விட்டதும் வண்டி கல்லாக நிற்கும், சமநிலை போய்விடும். தாழ்ந்த கியருக்குரிய நியாயத்தையும் மறைக்க விரும்பவில்லை: பின்சக்கரத்தில் சின்னச் சின்னதாகக் குதித்து இடம் மாற்றுவதற்கு அது சுகம், கற்கத் தொடங்குகிறவருக்கு அந்தச் சுகம் தேவையும்கூட. ஒரு பல் குறைத்துத் தொடங்குவதை நான் எதிர்க்கவில்லை. அதையே "ஏறுவதற்கான கியர்" என்று பெயர் சூட்டி வாழ்நாளுக்கும் மாட்டிவிடுவதைத்தான் எதிர்க்கிறேன்.

பல் எண்ணிக்கையைப் பார்த்துக் காப்பியடிக்கும் பழக்கம் இதே நம்பிக்கையின் தம்பி. 20 அங்குல வண்டியில் 18-க்கு 12 என்றால் விகிதம் 1.5, 26 அங்குல வண்டியில் 22-க்கு 18 என்றால் 1.22. இரண்டாவது லேசு என்று உடனே சொல்லிவிடுவார்கள். சக்கரத்தின் அளவைச் சேர்த்துப் பாருங்கள்: பெரிய சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர், ஒரு மிதிக்கு 2.6 மீட்டர். லேசு என்று சொன்னதுதான் கனம். 2009-இல் எடின்பரோவில் கூர்முனை இரும்பு வேலியின் மேல் டேனி மக்காஸ்கில் ஓட்டிய காணொளி உலகம் முழுக்கப் பரவியதும், அவர் சைக்கிளில் எத்தனை பல் என்று விசாரித்தவர்கள் ஏராளம். அவர் பெரும்பாலும் உருண்டு வந்து, வேகத்தோடு தாவுகிறவர். நின்ற இடத்திலிருந்து உதைக்கிறவருக்கு அவருடைய பல் கணக்கு எதற்கு?

விகிதம் ஒன்றே போதும் என்பவர்களும் பாதிதான் சரி. 26 அங்குல வண்டியில் 18-க்கு 15 போட்டாலும் 22-க்கு 18 போட்டாலும் கியர் கிட்டத்தட்ட ஒன்றே. முன்னால் 18 பல் வைத்தால் பல்சக்கரம் சிறுத்து, பாறையில் இடிக்காமல் கூடுதல் இடைவெளி கிடைக்கும். அதனால் அதற்கு ரசிகர்கள் அதிகம். செயினிடம் யாரும் கேட்பதில்லை. 175 மி.மீ. கிராங்கில் 1000 நியூட்டன் விசையோடு மிதித்தால் 22 பல் சக்கரத்தில் செயின் தாங்க வேண்டியது சுமார் 3900 நியூட்டன், 18 பல்லில் சுமார் 4800. உதையின் நடுவே செயின் அறுந்தால் முழங்கால் போய் ஹேண்டிலின் ஸ்டெம்மில் மோதும். தாடை மோதுவதும் உண்டு. தவிர, பல் குறையக் குறைய மாற்றத்தின் படியும் முரடாகிறது. பின்னால் 12-ஐ 13 ஆக்கினால் கியர் ஏறத்தாழ 8 சதவீதம் இறங்கும். 18-ஐ 19 ஆக்கினால் 5 சதவீதம்தான். நுணுக்கமாகத் தேட நினைப்பவருக்குப் பெரிய பல்சக்கரமே தோது.

முன்னால் மிதிக்கும்போது மட்டும் பிடித்துக்கொள்ளும் ஃப்ரீவீல் பற்றியும் ஒரு வார்த்தை. 72 பிடிப்புகள் கொண்ட ஃப்ரீவீல் கிராங்கிலேயே இருந்தால், பெடல் அதிகபட்சம் 5 டிகிரி வெறுமனே நகர்ந்து பிடித்துக்கொள்ளும், கியர் எதுவானாலும் சரி. அதே 72 பிடிப்பு பின்சக்கர ஹப்பில் இருந்தால் அந்த 5 டிகிரியைக் கியர் விகிதத்தால் வகுக்க வேண்டும்: 1.5 என்றால் பெடலில் 3.3 டிகிரி, 1.2 என்றால் 4.2. கியரைத் தாழ்த்தத் தாழ்த்தப் பெடலில் வெற்றிடம் கூடுகிறது. கால்வாசிச் சுற்றே மொத்த முதல் என்கிற இடத்தில் இந்தச் சில்லறைக்கும் மதிப்பு உண்டு.

தேர்ந்தெடுப்பதற்குக் கடைக்காரரையோ சாம்பியனையோ கேட்க வேண்டாம், கைப்பேசியில் மெதுவாக ஓடும் வீடியோ போதும். சமதரையில் பின்சக்கரத்தில் நின்று, முழு பலத்தோடு முன்னால் ஒரு தாவல். டயர் தரையை விடும் படத்தில் நிறுத்தி, பெடல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஏற்கெனவே அடியைத் தொட்டுவிட்டது என்றால் கியர் தாழ்வு, பின்னால் ஒரு பல் குறையுங்கள். தொடங்கிய இடத்தை விட்டே நகரவில்லை, உடல் மட்டும் பின்னால் சரிகிறது என்றால் உயர்வு, ஒரு பல் கூட்டுங்கள். பல்லை மாற்றியதும், அதே செயினை வைத்திருந்தால், பின்சக்கர அச்சு 3 மி.மீ. போல முன்னோ பின்னோ நகரும். ரிம்மைக் கவ்வும் பிரேக் கட்டைகளை அதற்கேற்ப மறுபடி நேராக்கிவிட்டுத்தான் அடுத்த உதை. இல்லையென்றால் கட்டை டயரின் பக்கவாட்டைத் தின்னத் தொடங்கும்.